செல்கள் அகன்ற பின் எஞ்சும் சிறுநீரகம்

கல்லீரல் வளர்கிறது, சிறுநீரகம் ஏன் வளர்வதில்லை?

கல்லீரலில் பாதியை வெட்டியெடுத்து உறவினருக்குக் கொடுத்தவரின் உடலில் எஞ்சிய பகுதி சில மாதங்களுக்குள் ஏறத்தாழப் பழைய அளவை எட்டிவிடுகிறது என்பதும், சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தவருக்கு அந்த இடத்தில் இன்னொன்று ஒருபோதும் முளைப்பதில்லை என்பதும் இன்று பலரும் அறிந்த செய்திகள். இரண்டும் ஒரே உடலின் உறுப்புகள். இரண்டுக்கும் ஒரே இரத்தம்தான் பாய்கிறது. இரண்டிலும் உள்ள செல்கள் ஒரே மரபுப் பொருளைக் கொண்டவை. அப்படியிருக்க, ஒன்றுக்கு வாய்த்தது மற்றொன்றுக்கு ஏன் வாய்க்கவில்லை என்ற கேள்வி எழுவது இயல்பே.

விடையின் ஒரு பகுதி, கல்லீரலைப் பற்றிய பொதுவான எண்ணத்தைச் சற்றுத் திருத்துவதில் இருக்கிறது. வெட்டப்பட்ட மடல் அங்கேயும் முளைப்பதில்லை; எஞ்சியிருக்கும் மடலின் செல்கள் பிரிந்து பெருகுவதால் அது பருக்கிறது, அவ்வளவே. கல்லீரலின் வேலையில் பெரும்பகுதியை அதன் ஒவ்வொரு செல்லும் தன்னளவிலேயே செய்ய வல்லது என்பதால், செல்கள் கூடினாலே உறுப்பின் ஆற்றலும் கூடிவிடுகிறது. சிறுநீரகத்தின் வேலையோ அப்படிப் பங்கு போட்டுக்கொள்ளக்கூடியது அன்று. தானம் கொடுத்தவரின் எஞ்சிய சிறுநீரகமும் பெரிதாகத்தான் செய்கிறது. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து முன்பு வடிகட்டியதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அது ஒற்றையாகவே செய்து முடிக்கிறது. ஆனால் அந்த வளர்ச்சியில் புதிய வடிகட்டி ஒன்றுகூடத் தோன்றுவதில்லை, இருக்கும் வடிகட்டிகள் பருத்துக் கூடுதலாக உழைக்கின்றன.

நெஃப்ரான் என்னும் அலகு

அந்த வடிகட்டியின் பெயர் நெஃப்ரான். மனிதச் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் சராசரியாக 10 லட்சம் நெஃப்ரான்கள் இருப்பதாகக் கொள்வது வழக்கம். ஆளுக்கு ஆள் இந்த எண்ணிக்கை பல மடங்கு வேறுபடுவதும் உண்டு. நெஃப்ரானின் தலைப்பகுதியில் கிளாமருலஸ் எனப்படும் நுண்நாள முடிச்சும், அதைச் சூழ்ந்த கிண்ண வடிவ உறையும் அமைந்திருக்க, அங்கிருந்து புறப்படும் நுண்குழல் வளைந்தும் இறங்கியும் ஏறியும் சென்று கடைசியில் பல நெஃப்ரான்களுக்குப் பொதுவான சேகரிப்பு நாளத்தில் போய்ச் சேர்கிறது. நாள முடிச்சுகளில் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மம் வடிகிறது. நுண்குழல்கள் அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதால் ஒன்றரை லிட்டர் அளவுக்கே சிறுநீராக வெளியேறுகிறது. வடிப்பது ஒரு முனையில், உறிஞ்சுவது நடுவில், வெளியேற்றுவது மறுமுனையில் என்று வேலை வரிசையாக அமைந்திருப்பதால், இருபதுக்கும் மேற்பட்ட வகைச் செல்கள் தத்தமக்குரிய இடத்தில் இருந்தாக வேண்டும். செல்களை மட்டும் பெருக்கிக் குவித்தால் அங்கே திசு இருக்கும், சிறுநீர் இராது.

மனிதக் கருவில் நெஃப்ரான்கள் உருவாவது கருவளர்ச்சியின் 36ஆம் வாரத்தை ஒட்டி நின்றுவிடுகிறது. அவற்றை உண்டாக்கும் முன்னோடிச் செல்கள் அனைத்தும் அதற்குள் வேறு செல்களாக மாறித் தீர்ந்துவிடுவதால், பிறந்த பின் புதிய நெஃப்ரான் உருவாக வழியில்லை. வரிக்குதிரை மீன் எனப்படும் சிறு நன்னீர் மீனோ வளர்ந்த பின்பும் அத்தகைய செல்களைக் கைவசம் வைத்திருப்பதால், சிறுநீரகம் காயமுற்றால் புது நெஃப்ரான்களை ஆக்கிக்கொள்கிறது. பாலூட்டிகளுக்கு அந்த வசதி இல்லை.

காயம் ஆறுவதும் தழும்பாவதும்

புது நெஃப்ரானை ஆக்க முடியாவிட்டாலும், இருப்பதைச் செப்பனிடும் திறன் சிறுநீரகத்துக்கு ஓரளவு உண்டு. கண்ணாடி விரியன் கடித்தவர்களில் சிலருக்கும், எலிக்காய்ச்சல் முற்றியவர்களில் சிலருக்கும் சிறுநீர் திடீரென்று நின்றுபோகிறது. சில வாரங்கள் டயாலிசிஸ் செய்து உயிரைக் காத்துவந்தால் பலருக்கும் அது மீண்டும் இறங்கத் தொடங்குகிறது. நச்சாலோ இரத்த ஓட்டம் குன்றியதாலோ நுண்குழலின் உட்சுவரிலிருந்து செல்கள் உதிர்ந்துவிட, பிழைத்திருக்கும் அண்டைச் செல்கள் தட்டையாகப் பரவி, பிரிந்து, வெற்றிடத்தை நிரப்பி, பின்னர் பழைய உருவத்துக்குத் திரும்புவதே இந்த மீட்சியின் உள்ளே நடப்பது.

எல்லாருக்கும் இப்படி நடப்பதில்லை என்பதற்கான காரணங்களுள் ஒன்றை அமெரிக்க நோய்க்குறியியலாளர் ஜீன் ஆலிவர் 1951இல் எடுத்துக்காட்டினார். இறந்தவர்களின் சிறுநீரகங்களிலிருந்து நெஃப்ரான்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து முழு நீளத்துக்கும் ஆராய்ந்த அவர், காயங்களில் இரு வகை இருப்பதைக் கண்டார். ஒருவகைக் காயத்தில் செல்கள் மட்டும் மடிந்து, அவை ஒட்டியிருந்த மெல்லிய படலம் சிதையாமல் எஞ்சியிருந்தது; மற்றொன்றில் அந்தப் படலமே அறுந்துபோயிருந்தது. படலம் சிதையாத இடத்தில் புதிய செல்கள் அதன்மேல் வரிசையாகப் படர்ந்து குழலை மீட்டெடுக்க முடிகிறது; அறுந்த இடத்தில் குழல் ஒழுங்காகச் சேர்வது அரிதாகி, நார்த்திசு புகுந்து தழும்பாகிறது. நாட்பட்ட நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரகத்தில் ஆண்டுக்கணக்கில் விட்டுச்செல்வது இத்தகைய தழும்புகளைத்தான். செல்கள் நிற்கும் தளம் எஞ்சியிருக்கிறதா என்ற வினாவைப் பொறுத்தே சிறுநீரகம் மீளுமா என்பதும் பெரிதும் அமைகிறது என்ற இந்த உண்மையின்மேல்தான் செல்களுக்குப் புதிய தளம் அமைத்துத் தர முயலும் இன்றைய சிறுநீரக ஆய்வுகள் எழுந்துள்ளன.

செல்லுக்கு வெளியே இருப்பது

உடலின் எந்தத் திசுவிலும் செல்கள் வெற்றிடத்தில் மிதப்பதில்லை. அவையே சுரந்து தம்மைச் சுற்றி அமைத்துக்கொண்ட புரத இழைகளும் சர்க்கரைச் சங்கிலிகளும் பின்னிய ஒரு வலையில் அவை பொருந்தியிருக்கின்றன. இந்த வலையை இங்கே செல்வெளித் தளம் என்று குறிக்கலாம். கொலாஜன், லேமினின் ஆகிய புரதங்கள் இதில் முதன்மையானவை. நுண்குழல்களுக்கும் நாள முடிச்சுகளுக்கும் அடியில் இத்தளம் மெல்லிய விரிப்பாக அமையும்போது அதற்கு அடித்தளச் சவ்வு என்று பெயர். ஆலிவர் கண்ட படலம் இதுவே. மனித நாள முடிச்சில் இச்சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு.

இத்தனை மெல்லிய ஒன்று வெறும் தாங்கி மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆல்போர்ட் நோய்க்குறி என்னும் பரம்பரை நோயில், அடித்தளச் சவ்வில் உள்ள நான்காம் வகைக் கொலாஜனை ஆக்கும் மரபணுக்களில் பிழை இருக்கிறது. அந்த ஒரே புரதம் கோணலாக அமைவதால் சிறுவயதிலேயே சிறுநீரில் இரத்தம் கசிந்து, கேள்வித் திறன் குறைந்து, பலருக்கு இளமையிலேயே சிறுநீரகம் செயலிழக்கிறது. தளத்தின் வேதியமைப்பு இடத்துக்கு இடம் மாறுவதால், தன் புறச்சவ்வில் உள்ள பற்றுப் புரதங்களைக் கொண்டு ஒவ்வொரு செல்லும் தான் எதைப் பற்றியிருக்கிறது என்பதை உணர்ந்து, அதற்கேற்பப் பிரியவோ, முதிரவோ, மடியவோ செய்கிறது. செல்கள் வளரத் தூண்டும் புரதங்கள் பலவும் இத்தளத்தில் ஒட்டிக் காத்திருந்து, தேவையானபோது விடுபடுகின்றன. தளத்தின் இறுக்கமும் ஒரு செய்தியே. தழும்பேறித் தளம் விறைக்கும்போது அந்த விறைப்பே அங்குள்ள நார்ச் செல்களை மேலும் நார் சுரக்கத் தூண்டுவதால், தழும்பு தழும்பை வளர்க்கும் தீய சுழல் ஒன்று உருவாகிறது.

சாரம் கட்டும் இரு வழிகள்

சிதைந்த தளத்துக்கு மாற்றாக ஒரு தளத்தை வெளியிலிருந்து அமைத்துத் தந்தால் செல்கள் அதில் ஏறி மீண்டும் திசுவாக ஒழுங்கமையுமா என்பதே திசுப் பொறியியலின் அடிப்படை வினா. அவ்வாறு அமைக்கப்படும் தளத்தைச் சாரம் எனலாம். கட்டடம் எழும்வரை கொத்தனாரைத் தாங்கி, பூச்சு முடிந்ததும் அவிழ்க்கப்படும் மூங்கில் சாரத்தைப் போலவே இதுவும் செல்கள் தமக்கான தளத்தைத் தாமே சுரந்துகொள்ளும்வரை நின்று பின் கரைந்துவிட வேண்டும். ஒப்புமை அதற்கு மேல் செல்லாது. மூங்கில் சாரம் கொத்தனாருக்கு வேலை கற்பிப்பதில்லை, சிறுநீரகச் சாரமோ கற்பித்தாக வேண்டும்.

சாரத்தைப் புதிதாகச் செய்வது ஒரு வழி. உடல் ஏற்றுக்கொள்ளும் இத்தகைய பொருள்களுக்கு உயிரிணக்கப் பொருள்கள் என்று பெயர். பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட், கொலாஜனைச் சிதைத்துப் பெறும் ஜெலட்டின், பட்டுப் புரதம் ஆகிய இயற்கைப் பொருள்களும், தானாகக் கரையும் தையல் நூல்களில் பயன்படும் பாலிலாக்டிக்-கிளைகாலிக் வகைச் செயற்கைப் பொருள்களும் இதற்கு உதவுகின்றன. இவற்றுள் நீரைப் பெருமளவில் உள்வாங்கித் தளதளவென்று நிற்கும் நீர்க்கூழ்மங்கள் சிறுநீரகத் திசுவின் மென்மையை ஒட்டி வருவதால் அதிகம் விரும்பப்படுகின்றன. 2016இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் லூயிஸ் குழுவினர் ஜெலட்டினும் ஃபைப்ரினும் கலந்த கூழ்மத்துக்குள் முப்பரிமாண அச்சு முறையில் வளைந்த குழல்வழி ஒன்றை அமைத்து, அதன் உட்சுவரில் மனித நுண்குழல் செல்களை வளர்த்து, நீர்மத்தை ஓடவிட்டு இரண்டு மாதங்களுக்கு மேல் உயிரோடு வைத்திருந்தார்கள். மருந்துகளின் நச்சுத்தன்மையைச் சோதிக்க அது நல்ல கருவி. ஆனால் அங்கே இருந்தது நெஃப்ரானின் ஒரு துண்டு மட்டுமே.

சிறுநீர்ப்பை போன்ற உள்ளீடற்ற உறுப்புகளுக்கு இந்த வழி முன்பே முயலப்பட்டதுதான். நோயாளிகள் எழுவருக்கு அவர்களது செல்களையே கொலாஜன் சார்ந்த சாரங்களில் வளர்த்துப் பையை விரிவாக்கிய முடிவுகளை அந்தோனி அடாலா குழுவினர் 2006இல் வெளியிட்டபோது உலகமே வியந்தது. அதே அடிப்படையில் பின்னர் குழந்தைகளிடம் நடந்த மற்றொரு சோதனையின் முடிவுகள் 2014இல் வந்தபோது பையின் கொள்ளளவு குறிப்பிடத்தக்க அளவில் கூடியிருக்கவில்லை, பக்க விளைவுகளும் கடுமையாக இருந்தன. அந்தச் செய்தியை வியந்தவர்களில் பலர் கவனிக்கவே இல்லை. ஸ்டாக்ஹோமில் 2011 முதல் பிளாஸ்டிக் சாரத்தில் எலும்பு மஜ்ஜைச் செல்களைத் தூவி மூச்சுக்குழாயாகப் பொருத்திய அறுவைகளின் கதை இன்னும் கொடியது. செல்களைத் தூவிவிட்டால் எஞ்சியதை உடலே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு விலங்குச் சோதனையின் துணைகூடப் போதிய அளவு இல்லாத நிலையில் அவை செய்யப்பட்டன. அங்கு அறுவை செய்யப்பட்ட மூவரும் இறந்தார்கள், அறுவை செய்த மருத்துவர் 2023இல் சுவீடன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார். சாரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் உறுப்புப் பஞ்சம் தீர்ந்துவிட்டதாகக் கருதுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இரண்டாம் வழி, இயற்கை ஏற்கெனவே கட்டிவைத்த சாரத்தையே எடுத்துக்கொள்வது. ஓர் உறுப்பிலிருந்து செல்களை மட்டும் கழுவி நீக்கிவிட்டால் அதன் செல்வெளித் தளம் முழு உருவத்தோடு எஞ்சும். இதற்குச் செல் நீக்கம் என்று பெயர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டோரிஸ் டெய்லரும் ஹரால்ட் ஓட்டும் எலியின் இதயத்தில் இதைச் செய்து, அந்தச் சாரத்தில் புதிய செல்களைக் குடியேற்றி, அது மெல்லத் துடிப்பதை 2008இல் உலகுக்குக் காட்டினார்கள். ஓட் பின்னர் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குச் சென்று அதே முறையைச் சிறுநீரகத்திடம் கொண்டுவந்தார். 2013இல் வெளியான அந்த ஆய்வு இத்துறையின் சாதனையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவதால், அதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது.

பாஸ்டனில் ஓர் எலியின் சிறுநீரகம்

எலியின் சிறுநீரகம் ஒரு கிராமை ஒட்டிய எடையுள்ளது. அதன் தமனியில் நுண்ணிய குழாய் ஒன்றைச் செருகி, சோடியம் டோடெசில் சல்ஃபேட் என்னும் வேதிப்பொருளின் ஒரு சதவீதக் கரைசலை, இரத்த அழுத்தத்தைவிடக் குறைந்த சீரான அழுத்தத்தில் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 12 மணி நேரம் செலுத்தினார்கள். ஷாம்புவிலும் பற்பசையிலும் நுரை எழுப்பச் சேர்க்கப்படும் அதே பொருள்தான் இது. செல்களின் கொழுப்புச் சவ்வை அது கரைத்துவிட, செல்லின் உள்ளடக்கம் முழுதும் கரைசலோடு சிரை வழியாக அடித்துச் செல்லப்படுகிறது. தமனி வழியாகச் செலுத்துவதில் ஒரு நுட்பம் உண்டு. உறுப்பைக் கரைசலில் மூழ்கவைத்தால் மேற்பரப்பு மட்டுமே கழுவப்படும். இரத்தம் செல்லும் பாதையிலேயே சென்றால் நுண்நாளம் ஒவ்வொன்றின் கரையிலும் உள்ள செல்கள் வரை கரைசல் எட்டுகிறது. செந்நிறமான உறுப்பு மணிக்கு மணி வெளிறி, முடிவில் உள்ளே ஓடும் நாளங்கள் புலப்படும் அளவுக்கு ஒளி ஊடுருவும் வெண்ணிற உருவமாக நின்றது. எஞ்சிய கரைசல் புதிய செல்களைக் கொன்றுவிடக் கூடும் என்பதால், கழுவிய நேரத்தைப் போலப் பல மடங்கு நேரம் அதை அலச வேண்டியிருந்தது.

அந்த வெண்ணிற உருவத்தில் ஒரு செல்கூட இல்லை. ஆனால் நாள முடிச்சுகளின் சவ்வும், நுண்குழல்களின் சவ்வும், தமனி முதல் சிரை வரையிலான நாளப் பின்னலும், சிறுநீரகத்திலிருந்து சிறுநீரை வெளியே கொண்டுசெல்லும் சிறுநீர்நாளமும் இருந்த இடத்திலேயே இருந்தன. பன்றியின் சிறுநீரகத்திலும் மனிதச் சிறுநீரகத்திலும் இதே கழுவலைச் செய்து, பெரிய உறுப்புகளிலும் தளம் சிதையாமல் எஞ்சுவதைக் குழுவினர் காட்டினார்கள்.

அடுத்தது செல் குடியேற்றம். மனிதக் குழந்தையின் தொப்புள்கொடிச் சிரையிலிருந்து பெற்ற, நாளங்களின் உட்சுவரை ஆக்கும் செல்கள் தமனி வழியாகச் செலுத்தப்பட்டன. சிறுநீரகத்துக்கே உரிய செல்களைப் பிறந்து சில நாள்களே ஆன எலிக்குட்டிகளின் சிறுநீரகங்களிலிருந்து பிரித்தெடுத்து, சிறுநீர்நாளம் வழியாக, அதாவது சிறுநீர் வெளியேறும் பாதையில் எதிர்த்திசையில் ஏற்றினார்கள். முன்னது சுமார் 5 கோடி, பின்னது சுமார் 6 கோடி. சிறுநீர்நாளம் வழியாகச் சென்றவை உள்ளே ஆழமாகப் போய்ச்சேரவில்லை என்பது முதல் இடர். அழுத்தத்தைக் கூட்டினால் மென்மையான தளம் கிழிந்துவிடும். உறுப்பை மூடிய கலத்துக்குள் வைத்து, கலத்தின் காற்றை உறிஞ்சி வெளியழுத்தத்தைக் குறைத்ததும், உள்ளுக்கும் வெளிக்கும் உண்டான அழுத்த வேறுபாட்டால் செல்கள் நாள முடிச்சுகள் வரை இழுக்கப்பட்டன. தள்ளுவதற்குப் பதில் இழுக்கலாம் என்ற இந்த எளிய மாற்றம் இல்லாவிட்டால் ஆய்வு அங்கேயே நின்றிருக்கும்.

பின்னர் உடல் வெப்பநிலையில், ஊட்டக் கரைசல் இடையறாது நாளங்களில் ஓடும் கலத்துக்குள் அந்த உறுப்பு 12 நாள்கள் வரை வைக்கப்பட்டது. அதன்பின் மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தபோது, ஆய்வின் மிக வியப்பான முடிவு தெரிந்தது. கலவையாகச் செலுத்தப்பட்ட செல்களில், நாள முடிச்சைப் போர்த்தும் பாதச் செல்கள் நாள முடிச்சுகளிலும், நுண்குழலின் வெவ்வேறு பகுதிகளுக்குரியவை அந்தந்தப் பகுதிகளிலும் பெரும்பாலும் நிலைகொண்டிருந்தன. எந்தச் செல் எங்கே தங்க வேண்டும் என்று எவரும் அவற்றை வகைபிரித்து அனுப்பவில்லை. செல்கள் அகன்ற பின்னும் சவ்வின் வேதியமைப்பு இடத்துக்கு இடம் வேறுபட்டே இருந்ததும், தனக்குரிய தளத்தைப் பற்றியது நிலைக்கப் பற்றாதது உதிர்ந்ததும் இதற்குக் காரணம் எனலாம்.

சிறுநீரின் அளவும் தரமும்

இந்த உறுப்பு சிறுநீரை வடித்தது. செய்தித்தாள்கள் அதையே தலைப்பாக்கின. ஆனால் செல்களே இல்லாத வெற்றுச் சாரமும் நீர்மத்தை வடித்தது என்பதும், அந்த வடிநீர் இயல்பான சிறுநீரகம் வடிப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்பதும் ஆய்வறிக்கையிலேயே இருக்கிறது. ஓட்டையான வடிகட்டி அதிகம் வடிக்கும். அதில் வேலை எதுவும் நடப்பதில்லை. ஆகவே எவ்வளவு வடிந்தது என்று கேட்பதைவிட எதைத் தடுத்து எதை மீட்டது என்று கேட்பதே முறை. இரத்தத்தின் முக்கியப் புரதமான ஆல்புமினை இயல்பான சிறுநீரகம் ஏறத்தாழ முழுதும் தடுத்து நிறுத்தும் சோதனையில், செல் குடியேறிய உறுப்பு ஏறத்தாழப் பாதியைத் தடுத்தது. வடிந்த குளுக்கோஸிலும் பாதியளவை மீட்டெடுத்தது. வெற்றுச் சாரத்தால் இந்த மீட்பு ஏறத்தாழ முடியவே இல்லை. குடியேறிய செல்கள் உண்மையில் வேலை செய்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கிரியேட்டினின் என்னும் கழிவுப் பொருளை வெளியேற்றும் திறனைக் கொண்டு அளந்தபோது, ஆய்வகக் கலத்தில் அது இயல்பான சிறுநீரகத்தின் திறனில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. எலியின் உடலுக்குள் வைத்து இரத்தநாளங்களோடு இணைத்தபோது இருபதில் ஒரு பங்காக இறங்கியது. குருதிக்கசிவும் இரத்த உறைவும் இன்றிச் சிறுநீர் இறங்கியது உண்மையே. ஆனால் அந்தச் சோதனை குறுகிய நேரத்துக்கானது, அந்த எலி அதைக் கொண்டே வாழ்ந்து காட்டவில்லை.

இரத்தம் உறையும் தளம்

குறுகிய நேரம் என்பதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கொலாஜன் இரத்தத்தின் நேரடித் தொடுகைக்கு உரியது அன்று. நாளச் சுவர் கிழிந்து கொலாஜன் வெளிப்பட்டால் உடனே தட்டணுக்கள் ஒட்டி இரத்தம் உறைய வேண்டும் என்பது உடலின் தற்காப்பு ஏற்பாடு. செல் நீக்கிய சிறுநீரகத்தில் நாளங்களின் உட்புறம் முழுதும் இத்தகைய திறந்த காயமே. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஜியூசெப்பே ஒர்லாண்டோ குழுவினர் செல் நீக்கிய பன்றிச் சிறுநீரகங்களை வேறு பன்றிகளுக்குப் பொருத்தி 2012இல் வெளியிட்ட முடிவுகளில், சாரம் இரத்த அழுத்தத்தைத் தாங்கிக் கசியாமல் நின்றது. ஆனால் இரு வாரங்களுக்குள் நாளப் பின்னல் முழுதும் இரத்தம் உறைந்துபோயிருந்தது.

நாள உட்சுவர் செல்களை இடைவெளி இல்லாமல் பரப்பிவிட்டால் இது தீரும். எலியில் 5 கோடிச் செல்களால் ஆன வேலைக்கு, ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ள மனிதச் சிறுநீரகத்தில் அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் தேவைப்படும்; அவை ஒவ்வொரு நுண்நாளத்தின் கடைசி வளைவு வரை சென்று ஒட்ட வேண்டும். விட்டுப்போன ஒரு சிறு திட்டு போதும், உறைவு அங்கே தொடங்கிப் பரவ. செல் நீக்கிய சிறுநீரகங்களின் ஆய்வில் கடந்த பத்தாண்டுகளாக உழைப்பு பெருமளவு செலவானது நெஃப்ரானில் அன்று, இந்த நாள உட்சுவரில்தான் என்பது வெளியாருக்கு வியப்பாக இருக்கலாம்.

செல்கள் எங்கிருந்து வரும்?

எலிக்குட்டிகளின் சிறுநீரகத்திலிருந்து செல்களை எடுத்தது ஆய்வுக்குச் சரி. மனிதருக்கு அவ்வாறு எடுக்க எவரும் இல்லை. இந்த முடிச்சை அவிழ்த்தது ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006இல் காட்டிய வழி. வளர்ந்த உடலின் சாதாரணச் செல்லில் நான்கு மரபணுக்களைச் செயல்படவைத்து, எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய குருத்தணுவாக அதைத் திருப்பலாம் என்று அவர் நிறுவினார். 2012இல் நோபல் பரிசும் பெற்றார். அத்தகைய குருத்தணுக்களுக்குக் கருவில் கிடைக்கும் வேதிச் செய்திகளை அதே வரிசையில் கொடுத்து, ஆஸ்திரேலியாவில் மெலிசா லிட்டில் குழுவினர் 2015இல் சில மில்லிமீட்டர் அளவுள்ள சிறுநீரகத் திசு உருண்டைகளை வளர்த்தார்கள். உறுப்பின் சிற்றுருவான இதைக் குற்றுறுப்பு எனலாம். ஒவ்வொன்றிலும் பல நெஃப்ரான்கள் நாள முடிச்சும் நுண்குழலுமாக அமைந்திருந்தன. முதல் மூன்று மாதக் கருவின் சிறுநீரகத்தை அவை ஒத்திருந்தன.

நெஃப்ரானை இனி ஆக்க முடியாது என்று பிறப்போடு மூடப்பட்ட கதவு இவ்வாறு வெளியே ஒரு கிண்ணத்தில் திறந்துகொண்டது எனலாம். ஆயினும் இரண்டு குறைகள் அங்கே எஞ்சின. ஒரு செல் நுண்நாளம் ஒன்றிலிருந்து 200 மைக்ரோமீட்டருக்குள் இருந்தால்தான் போதிய உயிர்வளி பெறும். குற்றுறுப்பில் இரத்த ஓட்டம் இல்லாததால் அது ஓரளவுக்கு மேல் பெருத்தால் நடுப்பகுதி மடிகிறது. ஊட்டக் கரைசலைக் கூழ்மச் சாரத்தின்மேல் வேகமாக ஓடவிட்டால் நாளங்கள் கூடுதலாகத் தழைத்து நெஃப்ரான்கள் மேலும் முதிர்வதை ஹார்வர்டு குழுவினர் 2019இல் காட்டியதால் முதற்குறைக்கு ஓரளவு வழி பிறந்தது. இரண்டாவது குறை பிடிவாதமானது. நெஃப்ரான்களும் அவற்றின் வடிகாலான சேகரிப்பு நாளங்களும் கருவில் வெவ்வேறு முன்னோடிச் செல்களிலிருந்து தோன்றிப் பிறகு இணைபவை. குற்றுறுப்பில் முன்னது இருக்க, பின்னது ஒழுங்காகக் கிளைத்து ஒரே வாயிலில் சேர்வதில்லை. வடிக்கும் உறுப்பு இருந்தும் வடிந்தது போக வழியில்லை. செல் நீக்கிய சாரத்தின் வலிமை சரியாக இங்கேதான் இருக்கிறது. வடிகால் வழிகள் அதில் ஏற்கெனவே கிளைத்து, சிறுநீர்நாளம் வரை சேர்ந்தே கிடக்கின்றன. ஆகவே இரு வழியினரும் ஒருவரையொருவர் நாடத் தொடங்கியதில் வியப்பில்லை.

ஊசியால் செலுத்தும் கூழ்மம்

முழு உறுப்பை ஆக்கும் இந்தப் பெருமுயற்சிகளுக்கு அருகே, எளிமையான இன்னொரு முயற்சி நோயாளிகளிடம் நேரடியாகச் சோதிக்கப்பட்டு வருகிறது. நீரிழிவால் சிறுநீரகம் நலிந்த ஒருவரின் சிறுநீரகத்திலிருந்தே ஊசியால் சிறு துணுக்குத் திசுவை எடுத்து, அதில் வளரும் ஆற்றல் மிக்க செல்களைப் பிரித்துப் பெருக்கி, ஜெலட்டின் கூழ்மத்தில் கலந்து, ஸ்கேன் கருவியின் துணையோடு அதே சிறுநீரகத்தின் வெளிப்பகுதியில் மீண்டும் செலுத்துவது இதன் முறை. குளிரில் இறுகியும் உடலின் சூட்டில் இளகியும் போகும் ஜெலட்டினின் இயல்பு இங்கே கைகொடுக்கிறது. கொண்டுசெல்லும்போது செல்கள் அடியில் படியாமல் கூழ்மம் தாங்குகிறது, உள்ளே சென்றதும் இளகி அவற்றை விடுவிக்கிறது. தன் செல்லே ஆதலால் உடல் அதைப் புறந்தள்ளும் அச்சமில்லை. இங்கே சாரம் நெடுநாள் நிற்பதே இல்லை என்பதால் இதைச் சாரம் என்று சொல்வதே மிகை என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வாதத்தில் பொருள் இருக்கிறது.

எவ்வளவு சிறுநீரகம் வேண்டும்?

1943இல் நெதர்லாந்தின் காம்பன் நகரில் வில்லெம் கோல்ஃப் தொத்திறைச்சி உறையான செலோஃபேன் குழாயைச் சுழலும் உருளையில் சுற்றி நடைமுறைக்கு உதவிய முதல் டயாலிசிஸ் கருவியை அமைத்தது முதல், வாரத்துக்கு மூன்று முறை நான்கு மணி நேரம் என்ற இன்றைய நடைமுறை வரை, கருவி ஈடுசெய்வது இயல்பான வடிகட்டலில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவே. 1954இல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே இரட்டையரிடையே செய்த முதல் வெற்றிகரமான மாற்று அறுவை அதைவிடப் பன்மடங்கு நல்ல தீர்வைத் தந்தது. ஆனால் தானமாகக் கிடைக்கும் சிறுநீரகங்கள் தேவைக்கு ஒருபோதும் ஈடாகவில்லை. மரபணு திருத்திய பன்றியின் சிறுநீரகத்தை உயிருள்ள நோயாளிக்குப் பொருத்தும் வேலை 2024 மார்ச்சில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் தொடங்கிவிட்டது. முதலில் பெற்றவர் இரு மாதங்களுக்குள் இறந்தார், எனினும் அத்தகைய அறுவைகள் தொடர்கின்றன. சாரம் அவற்றோடு போட்டியிட்டு முழுச் சிறுநீரகமாக வளர வேண்டும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு.

ஆனால் கணக்கு அவ்வளவு கடுமையானது அன்று. வடிகட்டும் திறன் இயல்பில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இறங்கும்போதே பெரும்பாலும் டயாலிசிஸ் தொடங்கப்படுகிறது. ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் உணவுக் கட்டுப்பாட்டோடும் மருந்தோடும் அது இல்லாமலே காலம் தள்ள முடிகிறது. ஆகவே நலிந்த சிறுநீரகத்தில் கூடுதலாகப் பத்தில் ஒரு பங்குத் திறனைச் சேர்க்கும் சாரத் துண்டு ஒன்று, அல்லது ஆண்டுதோறும் திறன் இறங்கும் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் கூழ்மம் ஒன்று, ஒருவரின் டயாலிசிஸைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட வல்லது. கூழ்மச் சோதனைகளில் ஒப்பிடப்படுவதும் இந்த இறங்குவேகம்தான். எத்தனை நெஃப்ரான்கள் புதிதாகத் தோன்றின என்று அங்கே எவரும் எண்ணுவதில்லை. சிகிச்சைக்கு முன்பும் பின்பும் சீரான இடைவெளியில் இரத்தத்தின் கிரியேட்டினினை அளந்து, கோட்டின் சரிவு மாறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.